கண்ணாடியில் கீறிய அம்புக்குறி

அண்ணி என் பட்டறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வருஷம் ஆகியும், நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒரு நாள்கூட அவள் எட்டிப் பார்த்ததில்லை. யாராவது கேட்டால், "ஏதோ கல்லு அறுக்கிற வேலை" என்று சொல்லி உதட்டைச் சுழிப்பாள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. பல் மருத்துவமனையில் டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கும் அவள் வேலையை, "எச்சில் துடைக்கிற உத்தியோகம்" என்று ஒரு விருந்தில் நாலு பேர் காதுபடச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் வேலையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். நடுவில் அண்ணன் ஒருவன் இருந்ததால் உறவு ஓடிக்கொண்டிருந்தது.

அவன் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

என் பட்டறை கல்லூரியில் நிலவியல் துறையின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ஜன்னல் ஒன்று, தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்கும் வாள் ஒன்று, தேய்க்கும் வட்டு இரண்டு. தரை எப்போதும் ஈரமாக, சாம்பல் நிறச் சேறாக இருக்கும். அண்ணி புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். வழக்கமாக இருந்தால் அதற்கே எனக்கு மூக்குமேல் கோபம் வந்திருக்கும். அன்றைக்கு வரவில்லை. அவள் அவ்வளவு இளைத்திருந்தாள்.

ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காராமல், கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே விசாரணை அறிக்கையின் நகலும், பஞ்சில் சுற்றிய ஒரு கண்ணாடி ஸ்லைடும் இருந்தன. ஸ்லைடு நான் செய்து கொடுத்ததுதான். ஓரத்தில் இருந்த கையெழுத்து என்னுடையது.

அண்ணன் சாலைத் துறையில் நிலவியலாளன். மலைச் சாலையை அகலப்படுத்துவதற்காகப் பாறையைச் செங்குத்தாக வெட்டினார்கள். வெட்டிய முகப்பு அப்படியே நிற்குமா, கம்பி அடித்துக் கட்ட வேண்டுமா என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. கட்டத் தேவையில்லை, பாறையின் அடுக்குகள் மலைக்கு உள்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன என்று எழுதிக் கொடுத்தான். நாலு மாதம் கழித்து, முதல் மழையில் விரிசல் விட்டிருக்கிறது என்று போன் வந்தது. போனான். வேலையாட்களையெல்லாம் தூரமாகப் போகச் சொல்லிவிட்டு, இவன் மட்டும் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறான். மலை அவன்மேல் இறங்கிவிட்டது.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரிக்கு அண்ணி அடிக்கோடு போட்டிருந்தாள். "ஆய்வாளர் பாறையின் சாய்வைத் தவறாகப் படித்ததே விபத்துக்குக் காரணம்."

மருத்துவமனைக்கு வருகிறவர்கள் இதைப் பற்றியே பேசுகிறார்களாம். அவள்தான் அவன் மனைவி என்று தெரியாமல், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, யாரோ ஒரு ஆபீசர் கவனக்குறைவால் மலையே விழுந்ததாமே என்று ஆரம்பிப்பார்களாம். டாக்டர் அவசர அவசரமாக அவர்கள் வாயில் பஞ்சை அடைப்பாராம். இதைச் சொல்லும்போது அண்ணி லேசாகச் சிரித்தாள்.

"அவரு தப்பாப் படிச்சாரா இல்லையான்னு நீ பாத்துச் சொல்லு. நீதான் சொல்ல முடியும். உண்மையா இருந்தா உண்மைன்னே சொல்லு, நான் தாங்கிக்குவேன்."

கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டே நின்றாள். அதில் இன்னும் ஏதோ இருந்தது போலிருந்தது. நான் கேட்கவில்லை.

அண்ணன் தப்புப் பண்ணமாட்டான் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் எனக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தால்கூட மூன்று தடவை சரிபார்ப்பான். இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிற ஜாதி அவன். நாளைக்கே சொல்கிறேன் என்று அண்ணியை அனுப்பி வைத்தேன்.

அந்தப் பாறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கறுப்பாக, கெட்டியாக, தட்டினால் மணி மாதிரி சத்தம் வரும். வெறும் கண்ணுக்கு அதில் ஒரு கோடும் தெரியாது. அது ஆதியில் கடலடியில் படிந்த வெறும் சேறு. மேலே மேலே மண் மூடி, பல கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய், அங்கே இருக்கும் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்து வேறொரு பாறையாகிவிட்டது. உருகி உறைந்தால் அது எரிமலைக் கல். இது உருகவே இல்லை. திடமாக இருந்தபடியே, உள்ளுக்குள் ஒவ்வொரு துணுக்காக வேறொன்றாக மாறியது. களிமண் மைக்கா ஆனது. மைக்கா என்றால் மெல்லிய தகடு.

அண்ணன் இதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் சீட்டுக்கட்டை வைத்துக் காட்டியிருக்கிறான். ஒரு டப்பாவில் சீட்டுகளைத் தாறுமாறாகக் கொட்டி, இரண்டு பக்கமும் அட்டையை வைத்து நெருக்கினான். நெருக்க நெருக்க, ஒவ்வொரு சீட்டாகத் திரும்பி, நெருக்குகிற கைக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றுவிட்டது. மைக்காவும் அப்படித்தான் என்றான். எந்தப் பக்கமிருந்து நெருக்கினார்களோ அதற்குக் குறுக்காகப் படுத்துக்கொள்ளும். சூடும் அழுத்தமும் இன்னும் ஏறினால் தகடுகள் பெரிதாக வளர்ந்து கண்ணுக்கே பளபளக்கும். அதற்கும் மேலே போனால் வெள்ளை ஒரு பட்டை, கறுப்பு ஒரு பட்டை என்று பிரிந்துகொள்ளும். இந்த மலையில் அது ஆரம்பத்திலேயே நின்றுவிட்டது. அதனால்தான் அடுக்கு இருந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை.

பிறகு சீட்டுக்கட்டை மேசை விளிம்புப் பக்கமாகச் சாய்த்தான். சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தன. எதிர்ப்பக்கமாகச் சாய்த்தான். ஒன்றும் விழவில்லை. அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் எல்லாம் என்றான். சீட்டைப் பொறுக்கியது நான்தான். பொறுக்கும்போது திட்டிக்கொண்டே பொறுக்கினேன்.

கண்ணுக்குத் தெரியாத அடுக்கை நான் செய்யும் சீவலில் பார்க்கலாம். பாறையைத் தகடாக அறுத்து, ஒரு முகத்தைப் பளபளப்பாக்கி, அந்த முகம் கீழே இருக்கும்படி கண்ணாடியில் ஒட்டி, மறுபக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். தலைமுடியைவிட மெல்லிசாகும்போது கல் வழியாக வெளிச்சம் வரும்.

அடுத்த நாள் அண்ணி கொண்டுவந்த ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மைக்காக் கோடுகள் சீவி விட்ட தலைமுடி மாதிரி ஒரே பக்கமாகப் படிந்திருந்தன. நடுவில் உருண்டையாக ஒரு கார்னெட், பாறைக்குள்ளேயே வளரும் படிகம். அது வளர்ந்தபோது வழியில் இருந்த கோடுகளையெல்லாம் விழுங்கிவிட்டது. அதற்குப் பிறகு நெருக்கம் வேறு பக்கமிருந்து வந்து, வெளியே இருந்த கோடுகள் எல்லாம் திசை மாறிவிட்டன. உள்ளே மாட்டிக்கொண்ட கோடுகள் மட்டும் பழைய திசையிலேயே இருந்தன. அண்ணனுக்கு இதைப் பார்த்தால் குஷி. "மூக்கி, இவன் உன் ஆளு. ஊரே திரும்பிடுச்சு, இவன் மட்டும் பழசையே புடிச்சுத் தொங்கிட்டிருக்கான்" என்பான். மூக்குமேல் கோபம் இருப்பதால் நான் அவனுக்கு மூக்கி.

கண்ணாடி ஓரத்தில் இரண்டு குறிகள் இருந்தன. மேல்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி ஒன்று. வலது ஓரத்தில் 'சா' என்ற எழுத்து. அந்தப் பக்கம் சாலை. கோடுகள் இடது பக்கமாக இறங்கின. அதாவது சாலைக்கு எதிர்ப்பக்கம், மலைக்குள்ளே. அண்ணன் எழுதியதும் அதுதானே. அவன் சரியாகத்தான் படித்திருக்கிறான். எனக்கு அந்த நிமிஷம் எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

ஆனால் அறிக்கையில் ஒரு போட்டோ இருந்தது. இடிந்த முகப்பு. பலகை பலகையாகப் பாறை, எல்லாம் சாலையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. மலை பொய் சொல்லாது. ஸ்லைடும் மலையும் எதிரும் புதிருமாக நின்றால், நடுவில் குறி போட்டவர்களில் ஒருவர் தப்புச் செய்திருக்க வேண்டும். பாறையை எடுத்தபோது பெயிண்டால் குறி போட்டவன் அண்ணன். அதைக் கண்ணாடிக்கு மாற்றியவள் நான்.

போனை வைத்துவிட்டு ஸ்லைடை வெளிச்சத்தில் பிடித்தேன்.

கண்ணாடியில் குறி கீறுவதற்கு ஒரு முறை உண்டு. கல்லை ஒட்டி, பசை காய்ந்து, ஓரத்தில் வழிந்ததைச் சுரண்டிய பிறகுதான் வைரமுனைப் பேனாவை எடுக்க வேண்டும். கல்மேல் அண்ணன் போட்ட பெயிண்ட் அப்போது கண்ணெதிரே இருக்கும். அதைப் பார்த்து அப்படியே கீறினால் தப்பே வராது. இந்த ஸ்லைடில் 'சா' என்ற கீறலுக்குள் பசை நிறைந்து காய்ந்திருந்தது. நகத்தால் தடவினேன். வழவழவென்று இருந்தது. கல்லை ஒட்டுவதற்கு முன்பே கீறிய எழுத்து அது.

ஸ்லைடைக் கீழே வைத்தேன்.

நினைவுக்கு வந்தது. அன்றைக்குப் பத்து ஸ்லைடு செய்ய வேண்டியிருந்தது. ஒன்பது மாணவர்களுடையவை, திசை தேவையில்லாதவை, வெறும் எண் போட்டால் போதும். பத்தாவது அண்ணனுடையது. மலையில் மற்றதெல்லாம் கையிலேயே பொடிந்துவிட்டதாம், உருப்படியாகக் கிடைத்தது அந்த ஒரு கல்தான். அதையும் கழுவாமல், சேறும் சகதியுமாகப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வந்து என் மேசைமேல் போட்டான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவனை ஒரு பாட்டம் திட்டி அனுப்பிவிட்டு, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று பத்துக் கண்ணாடியையும் வரிசையாக வைத்துக் குறியையெல்லாம் முதலிலேயே கீறித் தள்ளினேன். அண்ணனுடைய கல்லைப் பளபளப்பான முகம் மேலே தெரியும்படி பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாலை வலதுபக்கம் என்று பார்த்து, கண்ணாடியில் வலதுபக்கம் 'சா' என்று கீறினேன். பிறகு கல்லைக் கவிழ்த்து ஒட்டினேன். கவிழ்த்தால் வலது இடதாகிவிடும். இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்தில் தெரிந்துகொண்ட விஷயம். இருபத்திரண்டு வருஷமாக ஒரு தடவைகூடத் தப்பாத விஷயம்.

இருந்தாலும் மனம் விடவில்லை. நான் அறுத்து மிஞ்சிய கல்லை எப்போதும் தூக்கிப் போடுவதில்லை. அலமாரியில் அண்ணனுடைய கல்லின் மீதி இருந்தது, அவன் பெயிண்டில் போட்ட அம்பும் எழுத்தும் அப்படியே இருந்தன. ஒருவேளை அவனும் பாறையில் மாற்றிக் குறித்திருந்தால்? அப்படியானால் இரண்டு தப்பும் சேர்ந்து சரியாகியிருக்கும், போட்டோவில் இருப்பது இடிந்தபோது புரண்ட பலகைகளாக இருக்கும், மலை விழுந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். இன்னொரு சீவல் செய்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

மூன்று நாள் ஆனது. இதுவரை யாருக்கும் அவ்வளவு நிதானமாக ஒரு ஸ்லைடு நான் செய்ததில்லை. பசை காய ஒரு முழு நாள் விட்டேன். கடைசித் தேய்ப்பை இயந்திரத்தில் கொடுக்காமல், கண்ணாடிப் பலகையில் தேய்ப்புப் பொடியைத் தூவிக் கையாலேயே தேய்த்தேன். நாலு சுற்று தேய்ப்பதும் எடுத்துப் பார்ப்பதுமாக, மைக்ராஸ்கோப்பில் மஞ்சளாகத் தெரிந்த குவார்ட்ஸ் துணுக்குகள் வெளுத்துச் சாம்பலாகும் வரை தேய்த்தேன். அந்த நிறம் வந்தால் கனம் சரி.

அந்த மூன்று நாளும் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் தப்புப் பண்ணியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். செத்துப்போனவனுக்கு என்ன ஆகப்போகிறது, அவன் தாங்குவான் என்று நினைத்தேன். இப்படி நினைத்துக்கொண்டேதான் அவன் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் புது ஸ்லைடைப் பார்த்தேன். கோடுகள் சாலையைப் பார்த்து இறங்கின. போட்டோவில் இருந்த அதே சாய்வு. அண்ணன் குறி சரி. அண்ணன் படித்ததும் சரி. இரண்டுக்கும் நடுவில் நான்தான் கோணல்.

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெகு நேரம் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். விசாரணை முடிந்துவிட்டது, போனவர் போய்விட்டார், எழுதிக் கொடுத்தால் உன் வேலைக்கே உலை வைத்துக்கொள்வாய், யோசித்துச் செய் என்றார். நல்ல மனிதர், என்மேல் அக்கறையில்தான் சொன்னார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. வாசலில் அண்ணனுடைய பழைய மலை ஏறும் பூட்ஸ் இன்னும் அப்படியே இருந்தது, அடியில் சேறு காய்ந்து. அண்ணி டீ கொடுத்தாள். குடிக்காமல், இரண்டு ஸ்லைடையும் மேசைமேல் வைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அண்ணி, அவன் சரியாத்தான் படிச்சிருக்கான். நான்தான் தப்பாக் குறிச்சுக் குடுத்துட்டேன்."

கவிழ்த்து ஒட்டுவதை எப்படி விளக்குவது என்று தடுமாறினேன். தேவைப்படவில்லை. நான் பாதி சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. நாள் முழுக்க எதிரே இருக்கும் வாயைப் பார்த்து, வலதை இடது என்றும் இடதை வலது என்றும் சீட்டில் குறிக்கிறவள் அவள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் அவளும் ஒருமுறை மாற்றிக் குறித்துவிட்டாளாம். நல்ல பல் போக இருந்தது. டாக்டர் ஊசியைக் கையில் எடுத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை கேட்டதால் தப்பித்தார்கள். இதைச் சொல்லி முடித்தவள் என்னைப் பார்த்தாள்.

"எந்த டாக்டரும் கேட்டுட்டுத்தான் புடுங்குவாரு. இவரு உன்ன ஒரு வார்த்த கேக்கலையா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஏழு மாதமாக, அது என்ன கேள்வி என்றே தெரியாமல், பயந்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"கேட்டான்" என்றேன்.

ஸ்லைடைக் கொடுத்து ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணினான். 'சா' எந்தப் பக்கம் என்று கல்லோடு வைத்து ஒரு தடவை பார்த்துவிடுகிறாயா, மனதுக்கு ஏதோ இடிக்கிறது என்றான். நான் அப்போது வாளில் கை வைத்திருந்தேன். இருபது வருஷத்துக்கு மேலாக இதைத்தான் பண்ணுகிறேன், நீ முதலில் கல்லைக் கழுவிக் கொண்டுவரப் பழகு, அப்புறம் எனக்குப் பாடம் எடு என்றேன். அவன் சிரித்தான். "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டான். கல் அப்போது என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. திரும்பி எடுத்துப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அண்ணி எழுந்து உள்ளே போனாள். வெகு நேரம் வரவில்லை. அழுகிறாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வந்தபோது கையில் அண்ணனுடைய குறிப்பு நோட்டு இருந்தது. மழையில் நனைந்து உப்பியிருந்தது. அன்றைக்குக் கைப்பையில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள்.

விரிசலைப் படமாக வரைந்திருந்தான். பென்சில். பக்கத்தில் நேரம், மழை அளவு. அதற்குக் கீழே, அவசரக் கையெழுத்தில் இரண்டு வரி.

"இந்த இடத்தில் விரிசல் வர வாய்ப்பே இல்லை. மூக்கியின் ஸ்லைடு தப்பாது, அப்படியானால் நான்தான் எதையோ தப்பாகப் பார்த்திருக்கிறேன், கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்."

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. என் அண்ணன் சாவதற்கு முன்னால் கடைசியாகச் சந்தேகப்பட்டது தன்னைத்தான். என்னை அல்ல. நான் சத்தம் போட்டு அழுதேன். அண்ணி என்னைத் தொடவில்லை, தேற்றவில்லை. அதைச் செய்ய அவளுக்கு மனம் வராது, நானும் எதிர்பார்க்கவில்லை.

"இதப் படிச்சிட்டு நானும் நம்பிட்டேன், அவருதான் தப்புன்னு" என்றாள் கடைசியில். "ஏழு மாசமா அவரு போட்டோவப் பாத்து சண்ட போட்டிருக்கேன்."

பிறகு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து, ஆறிப்போன டீயை நகர்த்திவிட்டு, என் முன்னால் வைத்தாள். எழுதினேன். கல் வந்த தேதி, கண்ணாடியில் முன்கூட்டியே குறி கீறியது, கீறலுக்குள் பசை இருப்பது, புது ஸ்லைடில் தெரிவது, ஆய்வாளர்மேல் எந்தத் தவறும் இல்லை, ஸ்லைடு தயாரித்த என்னுடைய தவறே காரணம் என்பது வரை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணி நின்றபடியே படித்தாள். பல் சீட்டைச் சரிபார்க்கிற மாதிரி, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தாள்.

"அவரு கேட்டது இதுல இல்லையே" என்றாள்.

நான் பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன்.

"அதையும் எழுது."

கையெழுத்துக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது. அதில் எழுதினேன்: குறி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்படி அவர் என்னிடம் கேட்டார். நான் பார்க்கவில்லை.